ஒழுக்கும் ஒரு வாளி இறப்பரும்

வைகாசி மழை கொழும்பைப் பிடித்துக்கொண்ட இரண்டாம் இரவு, வெள்ளவத்தையிலே தொடர்மாடி ஒன்றின் உச்சித்தளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறி தொங்கும் கொளுக்கியைச் சுற்றி முதலில் தேநீர்க் கறைபோல ஒரு வட்டம் படர்ந்து, பின்னர் அந்த வட்டத்தின் நடுவில் ஒரு துளி திரண்டு, நெடுநேரம் யோசித்து நின்று, 'டொக்' என்று நிலத்தில் விழுந்தது. அதைத் தாங்குவதற்கு வீட்டில் அகப்பட்ட பாத்திரமோ, இந்த ஒழுக்கை நிறுத்துவதற்காகவே சென்ற வருஷம் புறக்கோட்டையிலிருந்து வாங்கிவந்த இறப்பர்ப் பூச்சின் வெறும் வாளி. வாளியின் புறத்தே அச்சிட்டிருந்த சித்திரத்தில் ஒரு குடும்பம் குடையில்லாமல் மழையிலே சிரித்துக்கொண்டு நின்றது. "வாளிக்குக் குடுத்த காசாவது வீண்போகேல்லை" என்றாள் என் மனைவி.

ஒழுக்கை நிறுத்த வந்த வாளி ஒழுக்கைத் தாங்கும் வாளியாக மாறிய இந்த விநோதம் எங்கள் வீட்டுக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. கொட்டாஞ்சேனையின் பழைய ஓட்டு வீடுகளிலும், வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் மழைக்காலம் தோறும் நடந்தேறும் நாடகமே இது. குற்றவாளியாக ஒவ்வொருவரும் காட்டுவது அந்த வாளியைத்தான். ஆனால் வாளியில் இருந்த வஸ்து பொய்யானதன்று என்பதையும், அதை நாங்கள் பிரயோகித்த விதமே பொய்யானது என்பதையும், ஒரு வருஷம் கழித்து, ஒரு மேசன் பாஸின் வாயிலாக நான் கற்றுக்கொண்டேன்.

எத்தனை ஸ்குவேயர்?

கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையால் புறக்கோட்டை என்றும், பேட்டை என்ற நமது சொல்லையே ஆங்கிலேயர் தம் நாவுக்கு இசைய வளைத்துக்கொண்டமையால் பெட்டா என்றும் இரண்டு நாமங்களைத் தாங்கி நிற்கும் அந்த வியாபார க்ஷேத்திரத்தில், தெருவுக்கு ஒரு தொழில் என்ற பழைய சம்பிரதாயம் இன்னும் அழிந்துபோகவில்லை. பொன் வேண்டுபவர் செட்டியார் தெருவுக்கும், மூலிகையும் சூரணமும் வேண்டுபவர் கெபோஸ் லேனுக்கும், ஆணி, குழாய், பூட்டு, பெயின்ற் முதலியன வேண்டுபவர் பழைய சோனகத் தெருவுக்கும் போவது வழக்கம். அந்தத் தெருவில், கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வழி கேட்டுக் கூவும் நாட்டாமிகளுக்கு ஒதுங்கி, தலைக்குமேல் தொங்கும் நைலோன் கயிற்றுச் சுருள்களுக்குக் குனிந்து, தின்னரின் நெடி மூக்கில் ஏற, ஒரு கடையின் படியில் நான் நின்ற அந்த நாளிலும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. என்னைப்போல இன்னும் நாலைந்து பேர், முழங்கால்வரை நனைந்தபடி, அதே வாளியைக் கேட்டு நின்றார்கள்.

"எத்தன ஸ்குவேயர், ஐயா?" என்றார் கடைக்காரர்.

"அஞ்சு வரும், நானா."

"அப்ப ஒரு வாளி போதும். கொஞ்சம் தண்ணி கலந்து ரெண்டு கை இழுத்தாச் சரி."

சம்பாஷணை அவ்வளவுதான். ஸ்குவேயர் என்பது 100 சதுர அடி. இலங்கையின் கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் அளக்கும் அளவு. அங்கிருந்து சற்றுத் தூரம் நடந்து கெபோஸ் லேனில் ஒரு மருந்துக்கடையின் முன் நின்று, எனக்கு ஒரு சூரணம் தாருங்கள் என்று கேட்டிருந்தால், என்ன வருத்தம், எத்தனை நாளாக, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மூன்று கேள்வியாவது கேட்ட பிறகே அந்த மனிதர் தராசைத் தொட்டிருப்பார். இரும்புக்கடையில் கேட்கப்பட்டது உடம்பின் நீள அகலம் மாத்திரமே. நோய் என்ன என்று அவரும் கேட்கவில்லை. எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மழையின் கணக்கு

கொழும்பிலே வருஷமொன்றுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. சித்திரையில் இடியோடு வரும் மாலை மழை, வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றின் மழை, ஐப்பசி கார்த்திகையில் மறுபடியும் இடிமழை என்று ஆகாயம் முறைவைத்துப் பொழியும் இந்நகரத்தில், கூரை நன்றாக உலர்ந்து கிடக்கும் காலம் தை, மாசி மாதங்களை அண்டிய சில வாரங்களே. 1992 ஆம் வருஷம் யூன் மாதத் தொடக்கத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றரும், 2010 நவம்பரில் ஓர் இரவில் 440 மில்லிமீற்றரும் பெய்து நகரத்தையே ஏரியாக்கின. ஒரு சதுர மீற்றர் தளத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் நீர். ஆகவே, 1992 இன் அந்த ஒரு நாளில் ஐந்து ஸ்குவேயர் மொட்டைமாடி ஒன்றின் தலையில் மாத்திரம் 22,000 லீற்றருக்கு மேல் இறங்கியிருக்கும். இவ்வளவு நீரும் பீலி வழியாகவும் குழாய் வழியாகவும் ஒழுங்காக வெளியேறுமானால் வீட்டுக்கு ஆபத்தில்லை; வழி அடைபட்டால் அது தனக்கு ஒரு வழி தேடிக்கொள்ளும்.

முன்னோர் இதை அறிந்தே கூரையைச் சரிவாகக் கட்டினார்கள். பாஸல் மிஷனார் 1865 இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த செவ்வோடுகள் கடல் தாண்டி இங்கு வந்து இறங்கிய காலத்திலும், ஓடு உடைந்தால் ஒருவன் ஏணி வைத்து ஏறி, அந்த ஓட்டைக் கழற்றி, புதிய ஓட்டைச் செருகிவிட்டு இறங்கினான். பூசுவதற்கு அங்கே வேலையில்லை. பின்னர் நிலத்தின் விலை ஏற, வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, சரிந்த கூரையின் இடத்தில் கொங்கிறீற் சிலாப் வந்து மல்லாந்து படுத்துக்கொண்டது. அதில் வெடிப்பு உண்டானால் முன்பெல்லாம் சாக்குத் துணியைத் தாரிலே தோய்த்து ஒட்டுவார்கள். அந்தத் தார் வெயிலில் உலர்ந்து, முதலையின் முதுகுத்தோல்போலக் கட்டங்கட்டமாய்ப் பிளந்து, இரண்டு மூன்று மழைக்குப் பிறகு கையோடு பெயர்ந்து வந்துவிடும்.

பாலில்லாத இறப்பர்

இறப்பரைக் கொண்டு மழையைத் தடுக்கும் யுக்தி புதிதன்று. ஸ்கொத்லாந்தின் இரசாயன நிபுணரான சார்ள்ஸ் மக்கின்ரோஷ், நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நப்தாவில் இறப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே அதைப் பூசி, நீர் புகாத வஸ்திரத்துக்கு 1823 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். மழைக்கவசத்துக்கு அவர் பெயரே பெயராக நின்றபோதிலும், அந்தத் துணி வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைத்துப்போயிற்று. கந்தகத்தோடு இறப்பரைச் சூடாக்கிப் பதப்படுத்தும் வித்தையை அமெரிக்காவில் குட்இயரும் இங்கிலாந்தில் ஹன்கொக்கும் 1840 களில் காப்புரிமையாக்கிய பின்னரே அக்குறை நீங்கிற்று. 1876 இல் பிரேசிலிலிருந்து விக்கம் என்பவர் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க, அவற்றில் 1,900 க்கு மேற்பட்ட நாற்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்ட வரலாறு அங்கிருந்தே விரிகிறது. 1952 இல் சீனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அந்த மரத்தின் பாலைக் கொடுத்துத்தான் இந்த நாடு அரிசி வாங்கியது.

இவ்வளவு பெருமையுள்ள இறப்பர் நாட்டில் விற்கப்படும் அந்த வாளிகளில் பெரும்பாலும் மரத்தின் பால் இல்லை என்று சொன்னால் வாசகர் நகைக்கக்கூடும். ஆனால் காரணம் நியாயமானது. இயற்கை இறப்பரைத் திறந்த வெயிலிலும் காற்றிலும் விட்டால், சூரியகிரணமும் ஓசோன் வாயுவும் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடும். ஆகையால் கூரைக்குப் பூசும் வஸ்துக்கள் இறப்பரின் குணத்தை அநுகரிக்கும் செயற்கைப் பொருள்களால் செய்யப்படுகின்றன. வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் நீரிலே கலந்து வருவது அக்ரிலிக் வகை; வெயிலைத் தாங்கும், வெப்பத்தைத் திருப்பியனுப்பும், ஆனால் தேங்கிய நீரில் நாட்கணக்கில் ஊறினால் இளகும். கறுப்பாக இருப்பது தாரோடு செயற்கை இறப்பரைச் சேர்த்த வகை. விலை குறைவு, வெயிலைத் தடுக்க மேலே ஏதாவது மூடி வேண்டும். பொலியூரிதேன் வகை தேங்கிய நீரையும் பொறுக்கும்; விலையோ பொறுக்கும்படியானதன்று. இன்னொன்று, சீமெந்தோடு பிசைந்து குளியலறைத் தளத்துக்குக் கீழே பூசும் இருபொருட் கலவை. ஓட்டையுள்ள வலைத்துணியை அடியாக வைத்த படகில் ஏறி நீரிலே செல்லும் மனிதனைத் தொலைக்காட்சியில் காட்டி அமெரிக்காவில் பிரசித்தி பெற்ற ஃப்ளெக்ஸ் சீல் போன்ற தெளிப்பு டின்களும் இந்தக் குடும்பத்தின் உறவே.

இவற்றுக்கெல்லாம் பொதுவான குணம் நீட்சி. மத்தியானத்தில் கால் வைக்கமுடியாதபடி கொதிக்கும் சிலாப், பின்னேர மழை விழுந்த சில நிமிஷங்களில் குளிர்ந்துவிடுகிறது. பத்து மீற்றர் நீளக் கொங்கிறீற், வெப்பம் 30 பாகை மாறும்போது ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். அதனால் வெடிப்புக்கள் தினந்தோறும் திறந்து மூடுகின்றன. அவற்றில் வைத்து இறுக்கிய சீமெந்து அந்த அசைவைப் பொறுக்காமல் மறுபடியும் பிளக்கிறது. இறப்பர்ப் பூச்சோ தன் நீளத்தைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இழுபட்டும் அறாமல் கூடவே அசையும். அதன் மகிமையெல்லாம் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது. அதற்கு அப்பால் எதிர்பார்ப்பது நம் பேராசை.

மொட்டைமாடியில் வயல்

மழை ஓய்ந்ததும் ஒரு நண்பர் அனுப்பிவைத்த பாஸ், கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் ஓடு மாற்றியும் பீலி கட்டியும் தலை நரைத்தவர். மொட்டைமாடிக்கு வந்தவர், நான் காட்டிய இடத்தைப் பாராமல் நேரே ஓரத்துச் சுவருக்குப் போய்க் குந்தினார். மின்விசிறிக்கு நேர் மேலே, சென்ற வருஷம் நாங்கள் மிகுந்த சிரத்தையோடு மூன்று தரம் பூசிய இடத்தை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

"ஐயா, தண்ணி விழுற எடம் வேற, பூந்த எடம் வேற" என்றார்.

அதன் பிறகு அவர் செய்த காரியத்தை நான் மறக்கமாட்டேன். கொஞ்சம் மணலும் சீமெந்தும் குழைத்து, நாலு விரல் உயரத்துக்கு வரம்பு கட்டி, மொட்டைமாடியை நாற்று நடும் வயலைப்போல நான்கு பாத்திகளாகப் பிரித்தார். முதல் நாள் ஒரு பாத்தியில் மாத்திரம் நீர் நிறைத்தார். கீழே கறை ஈரமாகவில்லை. நீரை வடித்துவிட்டு மறுநாள் அடுத்த பாத்தி, அன்றும் இல்லை. மூன்றாம் நாள், மின்விசிறியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, கைப்பிடிச் சுவரின் மூலையில் மழைக்குழாய் இறங்கும் வாயைச் சேர்ந்த பாத்தியில் நீர் நிறைத்து மூன்று மணித்தியாலம் ஆவதற்குள், கீழேயிருந்து மனைவியின் குரல் கேட்டது: "வருது, வருது!"

குழாயின் வாயைச் சுற்றியிருந்த சாந்து விட்டுப்போயிருந்தது. அங்கே புகுந்த நீர், மேற்சாந்துக்கும் சிலாப்புக்கும் இடையே ஒளிந்து ஓடி, மின்கம்பி போகும் குழாயைக் கண்டுபிடித்து, அதனுள்ளே பிரயாணம் செய்து, கொளுக்கியில் வெளிப்பட்டிருக்கிறது. மூன்று நாட் சோதனைக்குச் செலவு, ஒரு சட்டி சாந்தும் குழாய் நீரும். அந்தச் செலவுக்கு மனமில்லாமல்தான் நாங்கள் வாளி வாளியாகப் பூச்சு வாங்குகிறோம்.

தபாலட்டையின் தடிப்பு

இடம் தெரிந்தபின் அவர் செய்த வேலையில் பூச்சுக்குரிய நேரமே மிகச் சொற்பம். குழாய் வாயைச் சுற்றி விட்டுப்போன சாந்தை உளியால் வெட்டி எடுத்து, புதிய சாந்தைச் செயற்கை இறப்பர்ப் பால் கலந்து நிரப்பினார். சுவரும் தளமும் சந்திக்கும் மூலையைச் செங்கோணமாக விடாமல் சரிவாக அணைத்துக் கட்டினார். செங்கோணத்தில் பூச்சு இழுபட்டு முதலில் கிழிவது அங்கேதான் என்றார். மயிரிழை வெடிப்புக்களை அப்படியே விட்டு, நகம் நுழையும் வெடிப்புக்களை மாத்திரம் கீறி அகலமாக்கி, நெகிழும் பசையால் அடைத்தார். பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டார். பிறகு முதற்பூச்சு, அது ஈரமாயிருக்கும்போதே மூலைகளிலும் வெடிப்புக்களிலும் பைபர் வலைத்துணியை அமுக்கி ஒட்டினார், அது உலர்ந்தபின் ஒரு பூச்சு நெடுக்காக, மறுநாள் ஒரு பூச்சு குறுக்காக. இவ்வளவையும் அவர் செய்யச் சம்மதித்தது மாசி மாதத்தில். வைகாசியில் தொடும்படி எவ்வளவு மன்றாடியும் கேட்கவில்லை. ஈரத்தின்மேல் பூசினால், உள்ளே அகப்பட்ட நீர் வெயிலில் ஆவியாகிப் பூச்சை அப்பளம்போலக் கொப்புளிக்கச் செய்யும் என்பது அவருடைய அநுபவம்.

பின்னர் ஒரு மாலையில் காகிதம் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 20 லீற்றர் வாளி. ஐந்து ஸ்குவேயர் என்பது ஏறக்குறைய 46 சதுர மீற்றர். முழுவதும் இழுத்தால் ஈரத்தில் 0.43 மில்லிமீற்றர், இவ்வகைப் பூச்சில் பாதியளவு உலர்ந்து போய்விடுமாகையால் எஞ்சுவது 0.2 மில்லிமீற்றரைச் சிறிது தாண்டும். கடைக்காரர் சொன்னபடி நீரும் கலந்தமையால் பூச்சு இலகுவாய்ப் பரவியதேயன்றித் தடிப்பு ஏறவில்லை. ஒரு தபாலட்டையின் தடிப்புக்கும் குறைந்த தோலைப் போர்த்திவிட்டு வருஷ மழையைத் தடுக்கச் சொன்னோம்! உலர்ந்தபின் அரை மில்லிமீற்றராவது நிற்கவேண்டுமானால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் வீதம் வேண்டும். எங்கள் மாடிக்கு இரண்டு வாளிக்கு மேல். முழு மாடியையும் அரைகுறையாகப் பூசுவதைவிட, வேண்டிய இடத்தை முழுத் தடிப்பில் பூசுவதே விவேகம்.

பூச்சு எட்டாத இடங்கள்

எந்தத் திறமையோடு பூசினாலும் பயன்படாத இடங்களும் உண்டு. மேலே ஏற வழியில்லை என்று கூடத்தின் உட்கூரையில் கீழிருந்து பூசுபவர்கள், நீருக்கு முன்னால் அன்றி அதன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்துகிறார்கள். நீர் பூச்சைப் பின்னிருந்து தள்ளிப் பை கட்டச் செய்து கிழித்துவிடும். சிலாப்பின் அடிப்புறச் சாந்து பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? துரு தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, உள்ளிருந்தே கொங்கிறீற்றைப் பிளக்கும். வெள்ளவத்தைபோலக் கடற்காற்று உப்பைச் சுமந்துவரும் இடங்களில் அந்த வியாதிக்கு வேகம் அதிகம். அதற்கு இறப்பரைப் பூசுவது புண்ணை மூடிச் சட்டை போடுவது போன்றது. கம்பியைச் சுத்தம் செய்து கொங்கிறீற்றைத் திருத்தாமல் வாளியைத் திறக்கக்கூடாது.

அஸ்பெஸ்டஸ் கூரை தனி விஷயம். அதில் ஒழுகுவது பெரும்பாலும் ஆணி இறங்கிய துவாரங்களிலும் தகடுகள் மேவும் ஓரங்களிலும். புதிய வாஷரும் நெகிழும் பசையும் அங்கே போதும். ஆனால் பாசியை நீக்கவென்று அதைக் கம்பித் தூரிகையால் உலரத் தேய்ப்பது, சுவாசப்பைக்குப் புற்றுநோயை விதைக்கக்கூடிய நுண்ணிழைகளைக் காற்றில் விடுவதாகும். இந்த அபாயத்தை அரசாங்கம் அறியாமலில்லை. 2018 தை முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதென்று தீர்மானித்திருந்த வேளையில், 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு அகப்பட்டதென்று அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்திவைக்க, அந்தத் தீர்மானம் தளர்த்தப்பட்டது. மலையகத்துக் கொழுந்துக்கும் கொழும்புக் கூரைக்கும் இப்படியும் ஒரு சம்பந்தம். ஆகவே அந்தத் தகடுகள் நம் தலைக்குமேல் இன்னும் பல காலம் இருக்கும். உடைக்காமல், சுரண்டாமல், ஈரப்படுத்தி மெல்லத் துடைத்துப் பூசினால், பூச்சு ஒழுக்கைத் தடுப்பதோடு இழைகளையும் கட்டிவைக்கும்.

தொடர்மாடிவாசிகள் அறியவேண்டிய வேறொன்றும் உண்டு. தொடர்மாடி உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கூரையும் வெளிச்சுவரும் பொதுச்சொத்து. அவற்றைப் பேணுவது எல்லா உடைமையாளரும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனத்தின் கடமை. உச்சித்தளத்தில் இருப்பவர்தான் நனைகிறார் என்பதற்காக அவரே வாளி வாங்கவேண்டுமென்பதில்லை. இது தெரியாமல் முதல் வருஷம் தனியே செலவழித்தேன். இரண்டாம் வருஷம் கூட்டத்தில் எழுந்து பேசினேன். கீழ்த்தளத்தவர் ஒருவர், மழை தமக்கு எட்டவில்லையே என்று சற்று முணுமுணுத்தாலும், கணக்கில் கையெழுத்திட்டார்.

வேலை முடிந்து கூலி வாங்கியபின்னும் பாஸ் போகவில்லை. குழாய் வாயில் அடைந்திருந்த அரசமரத்துச் சருகுகளையும், ஒரு காக்கைக்கூட்டின் மிச்சத்தையும், சிறு பிள்ளையின் பந்து ஒன்றையும் அள்ளி எனக்குக் காட்டினார். அங்கே நீர் தேங்கியதனால்தான் சாந்து ஊறி விட்டதாம். "பெயின்ற் பூசுறது நான், ஐயா. இத அள்ளுறது நீங்க" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார்.

அடுத்த வைகாசி வந்தது, போயிற்று. மின்விசிறியைச் சுற்றியிருந்த கறை காய்ந்து வெளுத்தது. பங்குனிக் கடைசியில் ஒருமுறையும் புரட்டாசிக் கடைசியில் ஒருமுறையும் நான் மொட்டைமாடிக்கு ஏறுகிறேன். குழாய் வாயில் சேர்ந்த சருகை அள்ளிப்போடுவதற்குக் கையில் கொண்டுபோவது அந்த முதலாவது வாளிதான். அதன் புறத்தே சிரித்துக்கொண்டிருந்த குடும்பம் வெயில்பட்டு இப்போது பாதி அழிந்துவிட்டது.